கீழ்நோக்கிய கிணறு

சூக் நகரில், எங்கள் அலுவலகத்துக்குக் கீழே
இரண்டு தளம் இறங்கினால் ஒரு பதுங்கறை.
போருக்கென்று கட்டியது. கதவே ஒரு முழம் கனம்.
போர் வரவில்லை. கோப்புகள் வந்தன.
அவற்றுக்கு நான் காவல்.

பெயாட் ஹெகிளின் ஓய்வு பெறுகிறார்.
முப்பத்துநான்கு வருடத்தை
இருபத்துநான்கு பக்கத்துக்குள் அடக்கித் தா என்றார்கள்,
வழுவழுப்பான தாளில், படங்களோடு.

முதல் தாள் ஒரு கல்லின் பரிசோதனைக் குறிப்பு.
பென்சில். இளைஞனின் சாய்ந்த எழுத்து.
நூற்றுக்கு நான்கு புள்ளி இரண்டு செம்பு,
பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி.
பிறகு அவர் எழுதிய எதிலும் அந்தக் குறி இல்லை.
தேடிப் பார்த்துவிட்டேன்.

பிறகு சான் லியாந்த்ரோ:
மலையைப் பிடுங்கிக் கவிழ்த்து அழுத்தினாற்போல் பள்ளம்.
ஒப்பந்தம் எண்பது பக்கம்.
மேற்பரப்பும் அடிநிலமும்,
ஓடும் நீரும் தேங்கும் நீரும்,
இன்று அறிந்ததும் இனி அறியப்படுவதும்…
தனியே இருந்து சிரித்தேன்.
இந்த நடை எனக்குப் பழக்கம்.
யாழ்ப்பாணத்தில் வரலாறு படித்தவள் நான்,
செப்பேட்டுப் பாடத்தில் எழுபத்தொரு புள்ளி.
மேல்நோக்கிய மரமும் கீழ்நோக்கிய கிணறும்
உடும்போடி ஆமை தவழ்ந்த இடமெல்லாம் உட்பட
சந்திரன் சூரியன் உள்ளவரை.
அங்கே செம்பில் எழுதி நிலத்தைக் கொடுத்தார்கள்.
இங்கே தாளில் எழுதி
செம்பையே கொடுத்திருக்கிறார்கள்.
சந்திரன் சூரியனுக்குப் பதில்
நாற்பது ஆண்டு, நீட்டிக்கத்தக்கது.

பதவி உயர்வுக் கடிதங்கள் ஏழு.
தலைக்கவசத்தோடு படங்கள், ஒன்றிலும் தூசி இல்லை.
பத்தொன்பது நாள் வேலைநிறுத்தம்;
கோப்பில் அதற்குப் பெயர் ‘இடையூறு’.
ஒரு வருடம் வீட்டு முகவரி மாறுகிறது,
அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண்
மனைவியிடமிருந்து தங்கைக்குப் போகிறது.
அதைப்பற்றி வேறு தாள் இல்லை.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டுப் பெட்டியில்
கோடு போட்ட கொப்பித் தாள் ஒன்று.
எதெல்வினா சோக்கே, பள்ளி ஆசிரியை.
யாரோ ஜெர்மனில் பெயர்த்துப் பின்னால் குத்தியிருந்தார்கள்.
‘கிணற்று வாளியின் விளிம்பு பச்சையாகிவிட்டது ஐயா.
பிள்ளைகள் அழகாக இருக்கிறது என்கிறார்கள்.’
ஓரத்தில் அவர் கை:
சரிதான். ஆனால் இந்தக் காலாண்டில் வேண்டாம்.

அடுத்த காலாண்டைப் புரட்டினேன்.
அதற்கடுத்ததை.
ஆறு வருடம் தள்ளி ஒரு ரசீது கிடைத்தது:
நீர் வடிகட்டி, ஒன்று.

செம்பில் களிம்பு போல என்று
கோயில் வகுப்பில் ஆணவத்துக்கு உவமை சொல்வார்கள்.
வெளியிலிருந்து வந்ததில்லையாம், கூடவே பிறந்ததாம்.
புளி போட்டு விளக்கினால் போகிறதே என்று
எழுந்து கேட்டு, வெளியே நிறுத்தப்பட்டேன்.

வெள்ளிக்கிழமை, தெற்குக் காற்று
ஏரியைக் கலக்கிய பிற்பகல்,
அவரே இறங்கி வந்தார்.
மாதிரிப் பிரதியைக் கேட்கவில்லை.
அந்தப் பெட்டியைக் கேட்டார், ஆண்டைச் சொல்லி.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, நின்றபடியே படித்தார்.

புத்தகத்தில் இது இருக்கிறதா?
இல்லை.
நல்லது என்றார்.
கதவுவரை போனார். அதன் கனத்தைத்
தள்ளாமல், கையை மட்டும் வைத்துக்கொண்டு,
இருபத்தைந்தாவது பக்கம் ஒன்று சேர்க்க முடியுமா, என்றார்.

அச்சகத்தில் நான்கின் மடங்காகத்தான்
பக்கம் கேட்பார்கள், என்றேன்.
அது உண்மை.

தலையசைத்தார்.
நிம்மதியா, வேறெதுவா, முதுகில் தெரியவில்லை.
மேலே கேக் வெட்டினார்கள்; எனக்கும் ஒரு துண்டு
தட்டோடு கீழே அனுப்பினார்கள்.

இருபத்தெட்டு என்று
சொல்லியிருக்கலாம் நான்.